நாலு புள்ளி வைத்த குப்பிகள்

எங்கள் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் பேருக்குப் பின்னால் பட்டம் போட்டுக்கொண்டவர்கள் நாற்பது பேர். அந்த நாற்பது பேரும் பயந்தது, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரே ஓர் ஆளுக்குத்தான். முதுகுக்குப் பின்னால் அவரைப் பூதம் என்பார்கள். முகத்துக்கு நேரே அக்கா. பூதம் என்கிற விஷயம் அவருக்கும் தெரியும். "பூதம்தானே புதையலைக் காக்கும், கழுதையா காக்கும்?" என்று என்னிடம் ஒருமுறை கேட்டார். நான் பக்கத்து அறை கிளார்க். கழுதை என்று யாரைச் சொன்னார் என்று நான் விசாரிக்கவில்லை.

புதையல் இருந்தது தரைத்தளத்தில், ஒரு நீள அறையில். ஆள் உயரத்துக்கு ஒன்பது ஃப்ரீசர்கள். உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே எண்பது டிகிரி. விரல் நுனி அளவுக் குப்பிகளில் ஜனங்களின் ரத்தமும், ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் என்ற தெளிநீரும் உறைந்து கிடக்கும். முப்பது வருஷமாக, நோய் உள்ளவர்களும் இல்லாதவர்களும் "யாருக்காவது உதவட்டும்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனது. அதை வைத்து ஆராய்ச்சி செய்ய நினைப்பவர் விண்ணப்பம் போட வேண்டும். விண்ணப்பத்தை ஒரு குழு பார்க்கும். குழுவுக்குக் கடிதம் அடிப்பது, கூட்டக் குறிப்பு எழுதுவது, பிஸ்கட் வாங்கி வைப்பது என் வேலை. குழு சரி என்று சொல்லிவிட்டால் மட்டும் ஆயிற்றா? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. பூசாரி இங்கே பூதம்.

விண்ணப்பத்தில் 'ஆராய்ச்சியின் நோக்கம்' என்று ஒரு கட்டம் உண்டு. எல்லோரும் அதில் 'மனிதகுல நலன்' என்று எழுதுவார்கள். இடம் மிச்சமிருந்தால் 'எதிர்காலத் தலைமுறை' என்பதையும் சேர்ப்பார்கள். அக்கா அதன் பக்கத்தில் பென்சிலால் எழுதுவார்: 'அதெல்லாம் சரி, எத்தனை சொட்டு?'

இருபத்தாறு வயதில், ஃப்ரீசர் கதவில் படியும் பனியைச் சுரண்டுவதற்குத் தற்காலிகமாக வந்தவர். அப்போது ஃப்ரீசர்கள் மூன்றுதான். அவரை வேலைக்கு எடுத்தவர் ஓய்வு பெற்று, அடுத்தவரும் ஓய்வு பெற்று, சாவிக்கொத்து தானாக அவர் இடுப்புக்கு வந்து சேர்ந்தது. ஒரு மழைக்காலத்தில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டருக்கு டீசலும் தீர்ந்துவிட்டது. அக்கா நேராக வாசலுக்குப் போய், இயக்குநரின் காரிலிருந்து டீசலை உறிஞ்சி எடுக்க வைத்தார். அந்த இயக்குநர் அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போனார். ஏறினதும் டிக்கெட் வாங்க வேண்டும் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்ததாம்.

கத்திரி வெயிலிலும் அக்கா ஆண்பிள்ளை ஸ்வெட்டர் போட்டிருப்பார். அது வீட்டுக்காரருடையது. வீட்டுக்காரர் தையற்காரர். மனைவியின் ரப்பர் கையுறைக்குள் போட்டுக்கொள்ளப் பருத்தித் துணியில் உள்ளுறை தைத்துக் கொடுப்பார். தாலி கட்டியதில் கிடைத்த ஒரே லாபம் அந்த உறைதான் என்று அக்கா அவர் காதுபடவே சொல்வார். அவரும் சிரித்துக்கொண்டு அடுத்த ஜோடிக்கு அளவெடுப்பார்.

இப்போது புள்ளி விஷயத்துக்கு வருகிறேன். உறைந்த குப்பியை உருக்கினால்தான் உள்ளே இருப்பதில் கொஞ்சம் எடுக்க முடியும். எடுத்துவிட்டு மிச்சத்தை மறுபடி உறைய வைக்க வேண்டும். ஒவ்வொரு தடவை உருகி உறையும்போதும் உள்ளே இருக்கிற சரக்கு கொஞ்சம் கெடும். அதனால் எத்தனை தடவை உருகிற்று என்று குப்பியின் மூடியில் அக்கா அழியாத மையால் புள்ளி வைப்பார். பதிவேட்டிலும் ஏற்றுவார். ஒரு புள்ளி என்றால் நல்லது. இரண்டு, பரவாயில்லை. மூன்று, உங்கள் பாடு. நாலு புள்ளி என்றால் ஒன்றுக்கும் ஆகாது, எரித்துவிடலாம். இந்த முறையைக் கண்டுபிடித்தவர் எந்த டாக்டரும் இல்லை. அக்கா வீட்டில் பால் பாத்திரத்தின் மூடியில் எத்தனை தடவை காய்ச்சினது என்று கரியால் புள்ளி வைப்பார். அங்கிருந்து வந்த விஞ்ஞானம் இது. வீட்டில் நாலு புள்ளி ஆனது தெருநாய்க்கு.

குப்பியைக் கேட்டு வருகிறவர்களில் அக்காவுக்கு ஆகவே ஆகாதவர் ஒரு பேராசிரியர். மூன்றாம் மாடி முழுக்க அவருடைய லேப் என்பதால் அவருக்குப் பேரே மூணாம் மாடி. குழுவின் மூத்த உறுப்பினரும் அவர்தான். தனக்கு வேண்டியதைத் தானே கேட்டு, தானே ஆமோதித்து, தானே கையெழுத்துப் போடுகிற வசதி அவருக்கு இருந்தது. ஒரு சொட்டு தேவை என்றால் குப்பியையே கேட்பார். ஒரு தடவை எண்பது குப்பிகள் வாங்கிப் போனார். மேஜைமேல் வைத்துவிட்டு, வெளிநாட்டு விருந்தாளியோடு குரூப் போட்டோ எடுக்கப் போனார். போட்டோவில் அவர் கண் மூடியிருந்ததால் இன்னொரு தடவை எடுத்தார்கள். திரும்பி வந்தபோது எண்பதும் உருகித் தண்ணீராக நின்றது. "ஸாரி" என்று சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பினார். எண்பது பேர் கையை நீட்டி ஊசி குத்திக்கொண்டு கொடுத்தது. குரங்கு கையில் பூமாலை. அக்கா அன்று மதியம் சாப்பிடவில்லை.

அடுத்த மாதம் அதே மனிதர் பெயிண்ட் ஆலைக் குப்பிகளைக் கேட்டார்.

பெயிண்ட் ஆலைக் குப்பிகள் என்பது, ஊருக்கு வெளியே இருக்கிற பெயிண்ட் ஆலையில் கலவை இயந்திரத்தில் நின்ற அறுபத்து நாலு தொழிலாளிகளின் சீரம். அந்த ஆலை ஆட்களுக்கு வரிசையாகச் சிறுநீரகம் கெடுகிறதே, ஏன் என்று பார்க்க ஒரு நல்ல டாக்டர் சேர்த்து வைத்தது. சேர்த்த வேகத்தில் அவர் செத்துப் போனார். அந்த அறுபத்து நாலு பேரில் பாதிப் பேர் பின்னால் அவர் வழியிலேயே போய்விட்டார்கள். மறுபடி சேர்க்க வழியே இல்லாத சரக்கு. ஆளுக்கு ஒரே குப்பி, குப்பிக்கு அரை மில்லி. ஒருமுறைகூட உருகாதது.

விண்ணப்பம் வந்த அன்று அக்கா ஃப்ரீசர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது அறுபத்து நாலு மூடியிலும் நாலு நாலு புள்ளி இருந்தது. பதிவேட்டிலும் அப்படியே. மூணாம் மாடி பட்டியலைப் பார்த்து, "சே, எல்லாம் குப்பை" என்று விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இந்தச் சேதி எனக்குத் தெரிந்தது பதினோரு வருஷம் கழித்துத்தான். ஆனால் கதையை வரிசையாகச் சொல்லாவிட்டால் எனக்கே குழம்பிவிடும்.

காப்பாற்றினார், சரி. அப்புறம் ஒரு நாள் அந்தப் பொய்ப் புள்ளியை எடுத்துவிட வேண்டும் அல்லவா? அங்கேதான் அக்கா சறுக்கினார். மூணாம் மாடி ஓய்வு பெறட்டும் என்று காத்திருந்தார். அவருக்கு வேலை நீட்டிப்புக் கிடைத்தது. அடுத்த நீட்டிப்பு. அதற்குள் புள்ளி பதிவேட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏறி, கல்லில் வெட்டின மாதிரி ஆகிவிட்டது. யார் வந்து பெயிண்ட் ஆலைக் குப்பி கேட்டாலும் "நாலு புள்ளி" என்று கம்ப்யூட்டரே சொல்லித் துரத்திவிடும். நாய் பெற்ற தெங்கம்பழம். தானும் தின்னவில்லை, பிறத்தியாருக்கும் இல்லை.

போன வருஷம் சிறுநீரகப் பிரிவுக்கு ஒரு பெண் டாக்டர் புதிதாக வந்தார். சின்ன டாக்டர் என்போம். சிறுநீரகம் கெடுவதற்குப் பல வருஷம் முன்னாலேயே ரத்தத்தில் ஒரு புரதம் ஏறுகிறது, பழைய ரத்தத்தில் அதைப் பார்த்துவிட்டால், இப்போது கலவையில் நிற்பவர்களில் யார் யாரை உடனே வெளியே எடுக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம் என்பது அவர் கணக்கு. உருகி உறைந்தால் முதலில் கெடுவதும் அந்தப் புரதம்தான். விண்ணப்பத்தில் மனிதகுலம், தலைமுறை எதுவும் இல்லை. 'குப்பிக்கு இரண்டு சொட்டு' என்று எழுதியிருந்தார். அக்கா இருந்திருந்தால் அந்த ஒரு வரிக்கே மயங்கியிருப்பார். அவர் அப்போது கண்ணில் புரை எடுக்க ஒரு மாத விடுப்பில் இருந்தார்.

அவர் இடத்துக்கு வந்த ஆளுக்கு நாங்கள் வைத்த பேர் தற்காலிகம். நல்ல மனுஷன். சொன்னதைச் செய்வார், சொல்லாததைச் செய்யமாட்டார், யோசிக்கச் சொன்னால் எழுத்துமூலம் கேட்பார். அந்த நேரம் பார்த்து ஒரு ஃப்ரீசர் பழுதானது. இடம் பற்றவில்லை. இயக்குநர், "நாலு புள்ளி உள்ளதையெல்லாம் கழிச்சுடுங்க" என்று உத்தரவு போட்டார். தற்காலிகம் இருநூற்றுப் பன்னிரண்டு குப்பிகளைப் பொறுக்கி மஞ்சள் பையில் கட்டினார். பட்டியலை நான் அடித்தேன். குழு கையெழுத்துப் போட்டது. வண்டி வரும்வரை நாறாமல் இருக்க, பை கழிவு அறையில் ஓடும் பழைய ஃப்ரீசருக்குப் போனது. எரிக்க எடுத்துப் போகும் வண்டி வியாழக்கிழமை வரும்.

செவ்வாய்க்கிழமை காலை சின்ன டாக்டர் என் அறைக்கு வந்தார். கூடவே ஓர் ஆள், நாற்பத்தைந்து நாற்பத்தாறு வயது, முகம் ஊதி, கையில் ரத்தம் சுத்திகரிக்கும் குழாய்க்காகப் போட்ட தையலின் புடைப்பு. அறுபத்து நாலில் ஒருவர். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் கை நீட்டியவர்.

"சார், நாங்க கொடுத்த ரத்தம் கெட்டுப்போச்சுன்னு டாக்டரம்மாவுக்கு லெட்டர் வந்துச்சாம். எப்படி சார் கெட்டுச்சு?"

நான் கிளார்க் என்ன சொல்வானோ அதைச் சொன்னேன். "நாலு தடவை உருகியிருக்குங்க."

"நாலு தடவை எடுத்தாங்கன்னா நாலு தடவை ஏதாச்சும் கண்டுபிடிச்சிருக்கணுமே. என்ன கண்டுபிடிச்சாங்க?"

இப்படி ஒரு கேள்வியை எங்கள் குழு முப்பது வருஷமாகத் தன்னைத்தானே கேட்டுக்கொண்டதில்லை. நான் பிஸ்கட்டை நீட்டினேன். "உப்பு சேத்துக்கக் கூடாது சார்" என்று மறுத்துவிட்டார்.

"என் கதை முடிஞ்சது சார். தம்பி இப்ப அதே மிக்ஸிங்ல எட்டு வருஷமா நிக்கிறான். வேலையை விடுடான்னா, உனக்கு வந்தா எனக்கு வரணுமாங்கறான். கையில ஏதாச்சும் காகிதம் இருந்தாத்தான் கேப்பான். அதுக்குத்தான் வந்தேன்."

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். உடம்பு விசாரிப்பது ஒரு சாக்கு. ஊர்க்கதை பேசாமல் எனக்கு அந்த வாரம் ஜீரணமாகவில்லை. அக்கா கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் ஒரு மூலையில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார். ஃப்ரீசர் பழுது, இயக்குநர் உத்தரவு, மஞ்சள் பை, பெயிண்ட் ஆலைக்காரர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"பெயிண்ட் ஆலையா? அதுவும் அந்தப் பையிலயா?" என்று அக்கா எழுந்தார்.

"நாலு புள்ளிதானேக்கா."

"அது நான் வச்ச புள்ளிடா."

"எல்லாப் புள்ளியும் நீங்க வச்சதுதானே."

"அட அறிவு கெட்டவனே, அது பொய்ப் புள்ளி. ஒரு தடவைகூட உருகல."

மெஷின் சத்தம் நின்றது. பதினோரு வருஷத்துக் கதையை அக்கா மூச்சு விடாமல் சொன்னார். கேட்கக் கேட்க எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. மூணாம் மாடி ஏமாந்ததை நினைத்து. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது, பட்டியல் அடித்தது நான் என்பது ஞாபகம் வந்ததால்.

எனக்கு உடனே தோன்றியது சுலபமான வழி. "அக்கா, கழிவு அறைச் சாவி என்கிட்டதான் இருக்கு. நாளைக்குக் காலைல பையைத் திறந்து அறுபத்து நாலை எடுத்துடறேன். நீங்க புது மூடி போட்டுடுங்க. பதிவேட்டுல ஏதோ தப்புன்னு ஒரு குறிப்பு அடிச்சுடறேன். முடிஞ்சது."

அக்கா யோசித்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அவரைப் பற்றி எழுதும்போது அவரைச் சாமியாக்கக் கூடாது. "மூடி, ரெண்டாம் நம்பர் அலமாரியில இருக்கு" என்றுகூடச் சொன்னார்.

புதன்கிழமை காலை குறிப்பு அடிப்பதற்காகப் பெயிண்ட் ஆலைக் கோப்பைத் தேடி எடுத்தேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். கோப்பில் ஒன்பது வருஷத்துக்கு முந்தைய விண்ணப்பம் ஒன்று இருந்தது. யாரோ ஓர் ஆராய்ச்சி மாணவன். அவனும் இதே அறுபத்து நாலு குப்பிகளை, இதே கேள்விக்காகக் கேட்டிருந்தான். 'குப்பிகள் உபயோகத்துக்கு ஏற்ற நிலையில் இல்லை' என்று பதில் போயிருந்தது. அடித்தவன் சுருக்கொப்பம் கீழே. என்னுடையது.

செவ்வாய்க்கிழமை வந்தவருக்குச் சிறுநீரகம் போனது ஆறு வருஷத்துக்கு முன்னால். நான் கோப்பை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து மறுபடி அக்கா வீட்டுக்குப் போனேன். அக்காவால் இன்னும் படிக்க முடியாது என்பதால் நானே படித்துக் காட்டினேன். தேதியை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

"அந்தப் பையன் என் முன்னாடி வந்து நின்னான். எனக்கு ஞாபகம் இருக்கு. ஒல்லியா இருப்பான். ரெண்டே சொட்டு போதும்கா-ன்னான். நான் கம்ப்யூட்டரைக் காட்டினேன்."

"அன்னைக்கு உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"எனக்குத் தெரியாதுன்னா வேற யாருக்குடா தெரியும்? புள்ளி பொய்யின்னு உலகத்துல தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான்." கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் இறங்கியது. "கண்ணுக்குள்ள தண்ணி படக்கூடாது" என்று வீட்டுக்காரர் பதறிப் போய்த் துணியை எடுத்து வந்தார். கையுறை உள்ளுறைக்கு வெட்டி வைத்த துணி.

"மூடி மாத்த வேண்டாம்" என்றார் அக்கா. "ஒரு பொய்யை மறைக்க இன்னொண்ணு. அப்புறம் எது நிஜம்னு எனக்கே தெரியாமப் போயிடும். குழுவைக் கூட்டச் சொல்லு. இன்னைக்கே."

"வேலை போயிடும்கா."

"வண்டி நாளைக்கு வந்துடும்."

குழு நாலு மணிக்குக் கூடியது. அவசரக் கூட்டம் என்றதால் பிஸ்கட் இல்லை. இயக்குநர், மூணாம் மாடி, இன்னும் மூன்று பேர். சின்ன டாக்டரையும் வரச் சொல்லியிருந்தேன். அவர் சொல்லி, பெயிண்ட் ஆலைக்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அக்கா கறுப்புக் கண்ணாடியும் ஸ்வெட்டருமாக உள்ளே வந்ததும் எல்லோரும் தங்களை அறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பழக்கதோஷம்.

அக்கா முன்னுரை எதுவும் போடவில்லை. "பெயிண்ட் ஆலைக் குப்பில இருக்கற புள்ளி பொய். நான் வேணும்னே வச்சது. பதினோரு வருஷமாச்சு. குப்பி நல்லாருக்கு. எரிச்சுடாதீங்க."

"எதுக்கு வச்சீங்க?" என்றார் இயக்குநர்.

"இவர் கேட்டார். கொடுத்தா நாசம் பண்ணிடுவார்னு வச்சேன்."

மூணாம் மாடியின் காது சிவந்தது. "என்னை ஏமாத்தியிருக்கீங்க!"

"ஆமா சார். உங்களைத்தான். ஆனா உங்களோட நிக்கல. உங்களுக்குப் போட்ட பூட்டு ஊருக்கே பூட்டாயிடுச்சு. அது என் தப்பு."

"உருகலைங்கறதுக்கு என்ன அத்தாட்சி?"

சின்ன டாக்டர் குறுக்கிட்டார். உருகியிருக்கிறதா என்று பார்க்கப் பரிசோதனை உண்டு, ஆனால் நாலைந்து விதமாகப் பார்க்க வேண்டும், அதற்கு ஒரு குப்பி முழுதாகச் செலவாகிவிடும் என்றார். ஒரு ஆளுடைய மொத்தச் சரக்கும் அதோடு தீரும். யாருடையதை எடுப்பது என்று குழு விவாதிக்க ஆரம்பித்தது. சீட்டுக் குலுக்கலாம் என்று ஒருவர், துணைக்குழு அமைக்கலாம் என்று இன்னொருவர். நான் எழுந்து போய்க் கதவைத் திறந்து பெஞ்சில் இருந்தவரிடமே கேட்டேன். கூட்டக் குறிப்பு எழுதுகிறவன் செய்யக் கூடாத காரியம்தான்.

"என்னோடதை எடுங்க சார்" என்றார் அவர் வாசலில் நின்றபடி. "எனக்கு என்ன வந்துச்சுன்னு எனக்கே தெரியும். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்கு?"

இயக்குநர் தலையசைத்தார். அதற்கப்புறம்தான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். சத்தம் போட்டுக் கேட்டிருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பார். சாந்தமாகக் கேட்டார்.

"மத்த குப்பியில எல்லாம் நீங்க வச்சிருக்கற புள்ளி?"

"அதெல்லாம் நிஜம் சார். சத்தியமா நிஜம்."

"அதை நாங்க எப்படி நம்பறது?"

அக்கா வைத்த லட்சம் புள்ளிகளில் அறுபத்து நாலு குப்பியைத் தவிர ஒன்றிலும் பிசகு கிடையாது. அது எனக்குத் தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்து என்ன செய்வது? குறிப்பில் 'உறுப்பினர்கள் விவாதித்தனர்' என்று எழுதிவைத்தேன்.

வண்டி வருவதற்குள் பெயிண்ட் ஆலைக் குப்பிகளை மஞ்சள் பையிலிருந்து பிரித்தோம்; அந்தத் தொழிலாளியின் குப்பியை அக்காவேதான் தேடி எடுத்துக் கொடுத்தார். சரியாகத் தெரியாத கண்ணால், குப்பியின் எண்களை விரலால் தடவிப் பார்த்து. பரிசோதனை முடிவு மூன்றாம் நாள் வந்தது. சரக்கு நேற்று எடுத்த மாதிரி இருக்கிறது என்றார் சின்ன டாக்டர். மீதி அறுபத்து மூன்றும் அவருக்குக் கிடைத்தது. குப்பிக்கு இரண்டு சொட்டு என்று சொன்னவர் இரண்டு சொட்டுத்தான் எடுத்தார். அதில் பத்தொன்பது பேருக்கு அந்தப் புரதம் அப்போதே ஏறியிருந்தது. பத்தொன்பதில் பதினைந்து பேருக்குப் பின்னால் சிறுநீரகம் போயிருந்தது. இனி ஆலை முதலாளிகள் வாய் திறக்க முடியாது. இப்போது கலவையில் நிற்கும் முப்பத்தொரு பேரையும் பரிசோதித்தார்கள். ஏழு பேருக்கு ஏறியிருந்தது. ஆரம்பக் கட்டம்தான். ஏழு பேரையும் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அந்த ஏழில் ஒருவன் தம்பி. காகிதத்தைப் பார்த்த பிறகுதான் நம்பினானாம்.

அக்காவுக்கும் காகிதம் வந்தது. வேலை போகவில்லை. சாவிக்கொத்து போயிற்று. தற்காலிகம் நிரந்தரம் ஆனார். அக்காவை முன்கூடத்தில் ஒரு மேஜையில் போட்டார்கள். ரத்தம் கொடுக்க வருகிறவர்களுக்குச் சம்மதப் படிவத்தைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குகிற வேலை. முப்பது வருஷம் 'தரமாட்டேன்' என்றே சொல்லிப் பழகின வாய், 'தயவுசெய்து கொடுங்கள்' என்று கேட்க வேண்டும். தண்டனையை யோசித்துப் போட்டவர் நல்ல ரசிகர். முதல் வாரம் அக்காவின் முகத்தைப் பார்த்தே நாலு பேர் திரும்பிப் போய்விட்டார்கள்.

சின்ன டாக்டர் இப்போது ஆலை முழுவதுக்கும் புதிதாக ரத்தம் சேர்க்கிறார். போன மாதம் முதல் அணி வந்தது. முன்னால் நடந்து வந்தவர் தன் குப்பியைக் கொடுத்த பெயிண்ட் ஆலைக்காரர்தான், பின்னால் தம்பியும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரும். படிவம் தீர்ந்துவிடும் என்று நான் ஒரு கட்டு எடுத்துக்கொண்டு போய் நின்றேன்.

அக்கா படித்தார். "'என் ரத்தத்தைப் பாதுகாத்து வைக்கவும், உரிய அனுமதியோடு கேட்கும் ஆராய்ச்சியாளர்களுக்குக் கொடுக்கவும் சம்மதிக்கிறேன்.' புரிஞ்சுதுங்களா?"

"நாங்க போன தடவையே சம்மதிச்சுட்டோமே மேடம்" என்று அவர் சிரித்தார். "நீங்க கொடுப்பீங்களா? அதைச் சொல்லுங்க."

வேடிக்கைக்குத்தான் கேட்டார். குழுக் கூட்டத்தன்று அவர் வாசலில் நின்றது ஒரு நிமிஷம். புள்ளி வைத்தது யார், ஒன்பது வருஷத்துக்கு முன்னால் என்ன நடந்தது, எதுவும் அவருக்குத் தெரியாது. அக்காவும் சிரித்து வைத்தால் போதும், அடுத்த ஆள் வந்துவிடுவார். சிரித்துத் தொலையேன் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன்.

அக்கா படிவத்தைக் கீழே வைத்தார். "கொடுக்காம வச்சிருந்தது நான்தான்."

"என்னது?"

"நல்லா இருந்த ரத்தத்தைக் கெட்டுப்போச்சுன்னு எழுதி வச்சேன். ஒருத்தர்கிட்டருந்து காப்பாத்தறதுக்காகச் செஞ்சேன். அப்புறம் அப்படியே விட்டுட்டேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு பையன் இதே பரிசோதனைக்குக் கேட்டு வந்தான். அவனையும் அனுப்பிட்டேன். அன்னைக்குக் கொடுத்திருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்."

அவர் விரல் விட்டு எண்ணினார். "ஒன்பது வருஷமா. அப்ப எனக்கு ஒண்ணும் இல்லயே. மூட்டை தூக்கிட்டு இருந்தேன்."

"ஆமா."

"அதுக்கப்புறம் மூணு வருஷம் மிக்ஸிங்லதான் நின்னேன்."

"ஆமா."

"அண்ணே, எந்திரி. போலாம்" என்றான் தம்பி.

"நீ உள்ள போய்க் கொடு. எல்லாரும் போங்க" என்றார் அவர். ஒருவரும் நகரவில்லை. அவர் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா தலையைக் குனியவில்லை.

"மன்னிச்சுட்டேன்னு சொல்லமாட்டேன்கா. சொன்னா பொய்யாயிடும்."

"சொல்ல வேண்டாம்."

அவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக முழுப் பக்கத்தையும் படித்தார். மேஜையில் கிடந்த பேனாவை எடுத்து, 'ஆராய்ச்சியாளர்களுக்கு' என்ற சொல்லுக்கும் 'கொடுக்கவும்' என்ற சொல்லுக்கும் நடுவே, வரிக்கு மேலே, கோணல் எழுத்தில் 'தாமதிக்காமல்' என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார்.

திருத்தல் இருந்தால் படிவம் செல்லாது. செல்ல வேண்டுமென்றால் திருத்தின இடத்தின் பக்கத்தில் பொறுப்பாளர் சுருக்கொப்பம் போட வேண்டும். விதி அது. நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா கையை நீட்டி அவரிடமிருந்து பேனாவை வாங்கினார். அந்தச் சொல்லைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து இன்னொரு முறை படித்தார். பிறகு அதன் அருகே தன் ஒப்பத்தை வைத்தார்.